நாலாவது சுருள்

பிரிக்பீல்ட்ஸில் பவுனம்மாள் கை படாத வெள்ளைக் கோட்டு கிடையாது. ரயில்வே குவார்ட்டர்ஸ் கிராணிமார் என்கிற குமாஸ்தாக்கள் தொடங்கிக் கோயில் குருக்கள் வரை எல்லார் வீட்டு மூட்டையும் அவள் தலையில்தான் ஆற்றுக்குப் போகும். அவள் தலையில்தான் திரும்பி வரும். பதினோரு வருசத்தில் ஒரு கறையை அவள் விட்டுவைத்ததில்லை. அப்படிப்பட்டவள், வெளுக்கவே கூடாத ஒரு சட்டையை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வெளுத்துத் தொலைத்தாள். அது அவள் பெற்ற மகன் நாகையாவின் சட்டை.

அன்று சம்பள நாள். செங்கல் சூளை இருந்த பொட்டலில் படக்கொட்டகை போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் கள்ளுக்கடைச் சந்து. அந்தச் சந்தில் ஏதோ அடிதடி. கன்னையா என்கிற லைன் கூலி விலாவில் குத்துப்பட்டுக் கிடந்தான். பக்கத்தில் கையில் கத்தியோடு நின்றவன் பத்தொன்பது வயசு நாகையா. சுற்றி நின்றவர்கள் அதைத்தான் கண்டார்கள். ஓடிப்போனவன் எவனையும் யாரும் காணவில்லை.

மகன் வந்து வீட்டு வாசலில் நின்றபோது சட்டையெல்லாம் ரத்தம். வலது கையில் ஒரு துணியைச் சுற்றியிருந்தான். செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "அம்மா, அந்தக் கத்தி..." என்று அவன் ஆரம்பித்ததுதான் தாமதம், பவுனம்மாள் அவன் வாய்மேலேயே ஒன்று வைத்தாள். சட்டையை உரித்து எடுத்தாள். சவுக்காரத்தைக் கரைத்து ஊறவைத்து, அடித்துத் துவைத்து, இருட்டுவதற்குள் கொடியில் போட்டுவிட்டாள். யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற ஒரே வெட்கம். மறுநாள் காலையில் பார்த்தால் சட்டைக் கை கிழிந்திருந்தது. கிழிசலைத் தைக்காமல் மடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதையும் தைத்து மடித்து வைத்தாள்.

அடி வாங்கிய பிறகு நாகையா வாயைத் திறக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான், போடாவிட்டால் கேட்கவில்லை.

மாத்தா என்கிற போலீஸ்காரர் இரண்டு பேர் வந்து விசாரித்துப் போனார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த கன்னையாவுக்குக் கள் வெறியில் ஒன்றும் ஞாபகமில்லை. குத்தியதைக் கண்ட சாட்சி இல்லாததால் போலீஸ் விட்டுவிட்டது. ஊர் விடுமா? "வயாங் படம் பாத்துட்டு வந்து அதே மாதிரி குத்திட்டான் பாருங்கலா" என்று பாசார் சந்தையில் கீரை வாங்குகிறவர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை அந்தப் பேச்சு ரயில்வே ஆபீசுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

விசயம் என்னவென்றால், எஞ்சின்களை நிறுத்துகிற லோகோ செட்டில் அவற்றைத் துடைக்கிற வேலைக்கு ஏழு பையன்களின் பெயர் எழுதியிருந்தார்கள். எஞ்சின் துடைக்கிறவன் நாளைக்குப் பயர்மேன். பயர்மேன் ஒருநாள் டிரைவர். தண்டவாளத்தில் வேலை செய்து அந்தத் தண்டவாளத்திலேயே செத்துப்போனவர் நாகையாவின் அப்பா. அவர் மகன் எஞ்சினில் ஏறுவான் என்பது பவுனம்மாள் ஐந்து வருசமாகச் சுமந்த ஆசை. பட்டியல் எழுதியவர் பெரிய கிராணி சண்முகரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர்; எழுத்தில் ஒரு புள்ளி தவறாதவர். கத்தியோடு நின்ற நாகையாவை ஆபீஸ் விட்டு வரும்போது அவரே கண்ணால் பார்த்திருந்தார். திங்கட்கிழமை அவன் பெயரை அடித்தார். பக்கத்தில், படம் பார்த்துக் கெட்டுப்போன முரடன் என்று காரணமும் எழுதினார். வெள்ளிக்கிழமை அந்தக் காகிதம் துரையின் மேசைக்குப் போகும். போய்விட்டால் போனதுதான்.

பவுனம்மாளுக்குக் கிராணிமேல் வந்த கோபத்தைவிட அந்தப் படத்தின்மேல் வந்த கோபம் பெரிது. பெற்று வளர்த்த பிள்ளையை இரண்டே நாளில் கெடுக்கிற அப்படி என்ன எழவைக் காட்டுகிறான் என்று பார்த்துவிடுவதென்று அன்று மாலையே கொட்டகைக்குக் கிளம்பினாள். கொட்டகைக்காரன் ஜெயராஜின் கறுப்புக் கோட்டு அவளிடம்தான் சலவைக்கு வரும். அதனால் டிக்கட் இல்லாமலே பெண்கள் பக்கத்துப் பெஞ்சியில் இடம் கிடைத்தது.

அது ஊமைப்படக் காலம். திரையில் ஆள்கள் வாயசைப்பார்கள். நடுநடுவே இங்கிலீசில் எழுத்து வரும். படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அதற்காக ஜெயராஜ் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் பிரம்போடு திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுவான். படம் ஆறு சுருள். ஒன்று முடிந்தால் கேஸ் விளக்கை ஏற்றிவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். கடலைக்காரனுக்கு அதுதான் வியாபார நேரம்.

பெரிய படம், சிங்கப்பூரையே கலக்கிய படம் என்று மேளம் அடித்தார்களே, இதுதானா அது? மீசை முளைத்த பையனெல்லாம் அதில் குடித்தான், சூதாடினான், சாய்ந்து நின்று சுருட்டுப் பிடித்தான், யாராவது பெண் வந்தால் சீட்டியடித்தான். பெற்றவர்கள் மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். இளவட்டம் என்றால் இடுப்பில் கத்தியோடு பிறந்தவர்கள் என்று அந்த வெள்ளைக்காரனுக்கு எவனோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கடைசிச் சுருளில் சண்டை. புழுதியும் இருட்டுமாக நாலைந்து பேர் கட்டிப் புரண்டார்கள். விலகியபோது பணக்காரன் ஒருத்தன் விழுந்து கிடக்க, கதாநாயகப் பையன் கத்தியோடு நின்றான். "குத்திட்டான்யா! பெத்த வயிறு பத்தி எரிய, தூக்குமரத்துக்கு வழி தேடிட்டான்யா!" என்று ஜெயராஜ் அலற, டமாரம் முழங்க, படம் முடிந்தது. ஆண்கள் பக்கத்தில் விசில் பறந்தது.

வெளியே வரும்போது பவுனம்மாள் திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தாள். வாசலில் ரத்தச் சட்டையோடு நின்ற மகனும் அந்தத் திரைப் பையனும் ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். ஊர் சொல்வது நிஜம்தானோ என்று ஒரு கணம் நம்பியும் விட்டாள். அதை நினைத்துப் பின்னாளில் அவள் அழுதிருக்கிறாள்.

ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை. மறுநாளும் போனாள்.

இரண்டாவது தடவை அவள் மூஞ்சிகளைப் பார்க்கவில்லை. தொழில் புத்தி, துணிகளைப் பார்த்தாள். நாலாவதாக ஓடிய சுருளில் அந்தப் பையன் ஆஸ்பத்திரி மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய சட்டையின் இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்து, கோணல்மாணலாகத் தைத்திருந்தது. ஆண்பிள்ளைத் தையல். உள்ளங்கையில் கட்டு. பணக்காரன் கக்கத்தில் கோலை ஊன்றி நொண்டி நொண்டி வந்து அவன் தோளில் கை வைத்தான். "குதிரையிலேர்ந்து விழுந்துட்டாரு பாவம்!" என்றான் ஜெயராஜ். சரி, விழட்டும். கடைசிச் சுருளில் அதே பணக்காரன் கோலும் இல்லை, நொண்டலும் இல்லை, காளை மாதிரி துள்ளிக்கொண்டு சண்டைக்கு வந்தான். பையன் போட்டிருந்ததும் அதே கோடு போட்ட சட்டை. இடது கை முழுசாக இருந்தது. தையலே இல்லை. அந்தச் சண்டையில்தான் அது கிழிந்தது!

பவுனம்மாள் பெஞ்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தைத்த கிழிசல் கிழிவதற்கு முன்னாலேயே வருமா? எந்த ஊர்ச் சட்டையும் அப்படிச் செய்யாது. எவனோ முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் ஓட்டுகிறான்.

அடுத்த நினைப்பு அவளை உலுக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கையாலேயே ஒரு சட்டைக் கையைத் தைத்தோமே. அந்தக் கிழிசல் எப்படி வந்ததென்று நாம் ஏன் கேட்கவில்லை?

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். ரத்தம் போய்விட்டது, எங்கே தெறித்தது, எந்தப் பக்கம் வழிந்தது என்று இனி எந்தச் சாமியும் சொல்ல முடியாது. அதைத் துவைத்து அழித்த பாவி அவளேதான். ஆனால் தையல் இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே கோடு. தானாகக் கிழிந்தால் பிசிறு நிற்கும். இதில் பிசிறே இல்லை. எதிரில் நின்ற எவனோ வீசிய கத்தி. தூங்குகிற மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கை மடங்கி நெஞ்சில் கிடந்தது. எழுப்பிக் கேட்க நாக்கு வரவில்லை. அடித்த வாய்க்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமே, அந்தக் கூச்சம். கேட்பதற்குப் பதிலாக ஒரு சபதம் எடுத்துக்கொண்டாள். அவன் பெயர் அந்தக் காகிதத்தில் திரும்ப ஏறாமல் தான் ஓய்வதில்லை.

புதன்கிழமை மூன்றாவது தடவையும் படத்தைப் பார்த்து, சட்டைக் கையை உறுதிப்படுத்திக்கொண்டாள். வியாழக்கிழமை காலையில் ஜெயராஜ் கோட்டுக்கு வந்தான். அன்றுதான் கடைசி ஆட்டம். மறுநாள் கொட்டகை கிள்ளானுக்குப் போகிறது.

"கோட்டு ரெடியாக்கா?"

"ரெடிதான். அந்தச் சண்டைச் சுருளு நெசத்துல எத்தனாவது, அதச் சொல்லு மொதல்ல."

ஜெயராஜ் திருதிருவென்று விழித்தான். படிக்கத் தெரியாத சலவைக்காரி கேட்கிற கேள்வியா இது? கொஞ்ச நேரம் மழுப்பினான். பிறகு சிரித்துவிட்டான்.

"நாலாவதுக்கா. அதுக்கப்புறம் கேசு, விடுதல, கல்யாணம்னு ரெண்டு சுருளு இழுக்குது. கல்யாணத்தோட விட்டா சனம் கொட்டாவி விட்டுட்டுப் போகுது. சண்டையோட விட்டா மறுநாள் கூட்டாளியயும் கூட்டிக்கிட்டு வருது. பொழப்புலா."

"கத்தி யாருது?"

"ஓடிப்போறான் பாரு ஒருத்தன், அவனுது. இந்தப் பய புடுங்கினவன்தான். எழுத்துல போட்டிருக்கான். அதச் சொன்னா எவன்க்கா விசிலடிப்பான்?"

பவுனம்மாளுக்கு அவனை அங்கேயே அடித்துத் துவைக்கலாம் போல இருந்தது. ஆனால் காரியம் பெரிது, அடக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு வரிசயா ஓட்டு. எழுத்துல என்ன இருக்கோ அதச் சொல்லு."

"அதெல்லாம் முடியாதுக்கா."

"அப்ப கோட்டும் கெடையாது. மேடைல பனியனோட நின்னு கத்து."

கோட்டில்லாத ஜெயராஜை யாரும் கதைசொல்லி என்று நினைக்க மாட்டார்கள். கடலைக்காரன் என்றுதான் நினைப்பார்கள். அவனுக்கே அது தெரியும். கெஞ்சினான், கோபித்தான், புதுக் கோட்டு வாங்குவேன் என்று வீரம் பேசிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான். "சரிக்கா, ஒரு நாளைக்குத்தானே" என்றான். ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, அவள் கோட்டை மடித்துத் தன் மூட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். ஒரு தடவை அவனிடம் ஏமாந்தது போதும்.

மத்தியானம் கிராணி வீட்டுப் பின்வாசலில் போய் நின்றாள். சண்முகரத்தினம் சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, எம்மவன் பேர அடிச்சிட்டீங்களாம்."

"ஓம். நான் கண்ணாலை கண்டனான், பவுனம்மா. கத்தி அவன்ரை கையிலைதான் இருந்தது. உந்தப் படங்களைப் பாத்துத்தான் பொடியள் கெட்டுப்போறாங்கள்."

அவள் சட்டையை விரித்துத் தையலைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"சட்டை எப்பிடியும் கிழியும். இதை வைச்சுக்கொண்டு நான் துரைக்கு என்ன எழுதுறது?"

"சட்டய வச்சு எழுத வேணாம். படத்தப் பாத்துக் கெட்டான்னு எழுதுனீங்களே, அந்தப் படத்தப் பாத்தீங்களா?"

கிராணி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். ஒரு கூட்டலை மூன்று தடவை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத மனுசன் அவர். பார்க்காத ஒன்றைப் பற்றிக் காகிதத்தில் எழுதியிருக்கிறார் என்று, அவர் கோட்டுக்குக் கஞ்சி போடுகிறவள் முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

"அந்தக் குப்பையை நான் ஏன் பாக்க வேணும்?"

"எம்புள்ள பொழப்பு அதுல இருக்குங்க ஐயா. நீங்க சந்துல கண்டது கடசி. மொதல் எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னைக்கு அந்தி ஏழு மணி ஆட்டத்துக்கு வாங்க. வரேன்னு சொல்ற வரைக்கும் இந்தப் படிய விட்டு எறங்க மாட்டேன்."

சொன்னபடியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள்ளிருந்து கிராணியின் மனைவி நேசம்மா எட்டிப் பார்த்தாள். "ஒருக்கால் போய்ப் பாத்திட்டுத்தான் வாங்கோவன். உவள் இதிலை இருந்தால் நாளைக்கு உங்களுக்குப் போட உடுப்பு இராது" என்றாள். கிராணி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏழு மணிக்கு வந்தார். மூடின கழுத்து வெள்ளைக் கோட்டோடு முன்வரிசை நாற்காலியில், நெருப்பின்மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரிய கிராணியைக் கண்டதும் ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேர் பீடியை அணைத்தார்கள்.

மூன்று சுருள் ஓடியது. நாலாவதாகச் சண்டை வந்ததுமே கூட்டத்துக்குக் குழப்பம். "டேய், இதுக்குள்ள சண்டையா?" புழுதி அடங்கிப் பையன் கத்தியோடு நின்றான். பழக்க தோசத்தில் ஜெயராஜ், "குத்தி..." என்று ஆரம்பித்தான். பெண்கள் பக்கத்திலிருந்து பவுனம்மாள் எழுந்து நின்றாள். அவன் மென்று விழுங்கினான். விளக்கு ஏற்றினார்கள், சுருளை மாற்றினார்கள், ஐந்தாவது தொடங்கியது. திரையில் முதலில் எழுத்து வந்தது. ஆறு நாள் பொய் சொன்ன ஜெயராஜின் வாய்க்கு உண்மை சட்டென்று வரவில்லை.

எழுந்தவர் சண்முகரத்தினம். ஆபீசில் ஓலையை வாசிக்கிற குரலிலேயே, இங்கிலீசைத் தமிழாக்கி வாசித்தார்.

"கத்தியைப் பறிச்சவன் இந்தப் பொடியன். குத்தினவன் ஓடிப்போனான். சனம் கண்டது கடைசியை மட்டும்."

யாரோ, "அப்ப ஆறு நாளா எங்கள ஏமாத்துனியாடா?" என்று கத்த, கடலைத்தோல் திரையை நோக்கிப் பறந்தது. ஜெயராஜ் கோட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான். எப்படியோ ஆறாவது சுருளும் ஓடி, கல்யாணம் நடந்து, பாதிப் பேர் கொட்டாவியோடு கலைந்தார்கள். அந்த ஒரு விசயத்தில் ஜெயராஜ் சொன்னது பொய்யில்லை.

வெளியே வந்த கிராணி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "நேராய் ஓட்டினாலும் உது குப்பைப் படம்தான்" என்றார்.

"ஆமாங்க ஐயா. ஆறு சுருள்ல ஒரு பய வேலைக்குப் போனானா? எம்மவன் போவான். நீங்க பேர எழுதினாப் போதும்."

"பொடியன் எங்கை?"

லைன் வீட்டில் நாகையா விளக்கடியில் உட்கார்ந்திருந்தான். பெரிய கிராணி வாசலில் நிற்பதைக் கண்டதும் பதறி எழுந்தான். கிராணி ஒன்றும் விசாரிக்கவில்லை. "கையைக் காட்டு" என்றார். பையன் கட்டை அவிழ்த்தான். நாலு விரலின் உட்புறமும் உள்ளங்கையும் சேர்த்து ஒரே நேர்கோட்டில் ஆழமான வெட்டு. கிராணி விளக்கைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"பிடியைப் பிடிச்சவனுக்கு இப்பிடி வெட்டு விழாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "உது ஆரின்ரை கத்தி?"

"சின்னையான்னு ஒருத்தன், அவன் கத்திங்க. அன்னைக்கே ஈப்போ ரயிலேறிட்டான்."

"ம். நாளைக்குக் காலமை நான் எழுதினதை நானே வெட்டுறன். திங்கக்கிழமை ஆறு மணிக்குச் செட்டுக்கு வா. பிந்தாதை."

தப்பாக எழுதிவிட்டேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை, சொல்கிற ஆளுமில்லை. ஆனால் வாசல் தாண்டும்போது பவுனம்மாளைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்துவிட்டுப் போனார். பதினோரு வருசத்தில் அது முதல் தடவை.

பவுனம்மாளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஜெயராஜை மடக்கியது, கிராணி படியில் உட்கார்ந்தது, கடலைத்தோல் பறந்தது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் மகனுக்குச் சொன்னாள். "நாலு தடவ பாத்தேன்டா அந்தக் கண்றாவிய. அந்தப் பய சட்டக் கையில ஒரு நூலு விடாமப் பாத்தேன்."

நாகையா கையில் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தியதும், ஐந்து நாளுக்குப் பிறகு முதன்முதலாகத் தன் அம்மா முகத்தைப் பார்த்தான்.

"அவன் கைய நாலு தடவ பாத்த. என்ன நடந்துச்சுன்னு என்னை ஒரு தடவ கேட்டிருக்கலாம்மா."

எந்தச் சவுக்காரமும் போக்காத கறை ஒன்று உண்டென்று பவுனம்மாள் அன்றைக்குத்தான் கண்டாள். சால்ஜாப்பு ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"கேக்கல. தப்பு என்னுது. கை நீட்டுனதும் தப்பு." அவன் கையிலிருந்த துணியை வாங்கித் தானே சுற்ற ஆரம்பித்தாள். "இப்பக் கேக்குறேன். மொதல்லேர்ந்து சொல்லு."

அவன் சொல்லத் தொடங்கினான். நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், கடைசி வரைக்கும் கேட்டாள்.